நின்ற வண்டியில் ஓடும் மின்சாரம்

ஆத்தூரிலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வேன், மூன்று நாள் நின்றபின் கிளம்ப மறுக்கிறதா? எங்கோ மின்கசிவு. சாவியை எடுத்தபின் சுமார் 50 மில்லிஆம்பியர் ஓடுவது இயல்பு. 1 ஆம்பியர் கசிந்தால், 60 ஆம்பியர்-மணி பேட்டரி 60 மணி நேரத்தில் காலி.

எப்படி அளப்பது? நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மல்டிமீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும். ஆம்பியர் நிலையில் மீட்டரின் மின்தடை மிகக் குறைவு; பேட்டரியின் இரு முனைகளிலும் நேராக வைத்தால் ஷார்ட் சர்க்யூட்தான்!

அளக்கும்போது ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; சாதாரண மீட்டர் தாங்குவது 10தான்.

வயரைக் கழற்றாமல் அளக்க டிசி கிளாம்ப் மீட்டர் உண்டு. 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைக் கொண்டு, வயரைச் சுற்றிய காந்தப்புலத்தை அது அளக்கிறது.

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கியதும் அளவு சட்டென இறங்குகிறதோ, கசிவு அந்தச் சுற்றில்.