பழைய கணினியில் விளையாட்டு

சேலம் மாநகருக்கு வடகிழக்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அதன்மீது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. சேலத்திலிருந்து செல்வோர் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே அவ்வூரை அடைதல் வேண்டும். காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் நிறைந்த அம்மலைச் சிற்றூர்களில், அந்தி சாய்ந்து மூடுபனி கவியத் தொடங்கியதும் வெளியில் ஆடும் ஆட்டம் நின்றுவிடும். அதன் பின்னரும் விளையாட விரும்பும் மாணவனுக்கு வீட்டிலுள்ள மடிக்கணினியே துணை. அவன் இணையத்தின் வழியே சதுரங்கம் ஆடுகிறான். எதிராளி சென்னையில் இருக்கலாம், சிங்கப்பூரிலும் இருக்கலாம். ஆளுக்கு ஐந்து நிமிடமே காலம். மாணவன் குதிரையை நகர்த்துகிறான். திரையில் குதிரை அசையவில்லை. கடிகாரம் மட்டும் ஓடுகிறது. வெல்லவேண்டிய ஆட்டம் நேரம் தீர்ந்து தோல்வியில் முடிகிறது.

இத்தகைய பழைய கணினிகள் தமிழ்நாட்டில் மிகுதியாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் பயிலும் மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரி மாணவரும் அதனால் பயன் பெற்றனர். கணினியைக் கடையில் மட்டுமே கண்டிருந்த பல குடும்பங்களுக்குள் அது முதன்முதலாக நுழைந்தது அத்திட்டத்தின் வழியேதான். அண்ணன் பெற்ற கணினியைத் தம்பியும், அவனுக்குப் பின் தங்கையும் பயன்படுத்துவது இயல்பு. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் வேகம் குறைகிறது. 'இது பழசாகிவிட்டது, இனி உதவாது' என்று அதனை ஒதுக்கிவிடுகின்றனர். பெரும்பாலான வேளைகளில் இம்முடிவு அவசரமானது.

'கணினி மெதுவாக ஓடுகிறது' என்பது ஒரே சொல்லால் குறிக்கப்படினும், அது ஒரே நோயன்று. காய்ச்சல் என்று வருவோர் அனைவர்க்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் மருத்துவர் இலர். கணினியின் தளர்ச்சிக்கும் காரணங்கள் வெவ்வேறு. நினைவகம் போதாமல் இருக்கலாம், படம் வரையும் வேலை மிகுதியாக இருக்கலாம், வெப்பம் ஏறியிருக்கலாம், அல்லது கணினியில் குறையே இல்லாது, இணையம் வரும் வழியில் தடை இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது கடினமன்று. இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கணினியோடேயே ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தல் வேண்டும். அப்பொழுதும் திரை தயங்கினால் குறை கணினியில் உள்ளது. தயங்காவிடின் குறை வழியில் உள்ளது. தொடங்கும்பொழுது நன்றாக ஓடிக் கால்மணி நேரம் கழிந்தபின் தளர்ந்தால், வெப்பத்தையே முதலில் ஐயுறல் வேண்டும். சிறு செயலுக்கும் வன்தட்டின் விளக்கு இடைவிடாது மின்னினால், நினைவகம் நிரம்பிவிட்டது என்பது பொருள்.

நினைவகத்திற்கும் வன்தட்டிற்கும் உள்ள உறவை அறிந்தால் பாதி விளங்கிவிடும். எழுதும் மேசை போன்றது நினைவகம். அடுத்த அறையிலுள்ள அலமாரி போன்றது வன்தட்டு. மேசை சிறிதாக இருந்தால், ஒரு நூலை எடுக்க மற்றொரு நூலை அலமாரியில் வைத்துவிட்டு வரவேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட எளிய மடிக்கணினிகளில் 2 ஜிகாபைட் நினைவகம் இருப்பதே பெருவழக்கு. இன்றைய இணைய உலாவி ஒன்றே அதனை நிரப்பிவிட வல்லது. நிரம்பியதும் கணினி வன்தட்டை நாடுகிறது. அக்காலத்து மடிக்கணினியின் வன்தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது; அஃதாவது விநாடிக்கு 90 முறை. வேண்டிய செய்தி பதிந்துள்ள இடம் படிக்கும் முனைக்கு நேரே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதற்கு ஐந்தரை மில்லிவிநாடி ஆகிறது. முனை தன் இடத்திற்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால் பத்து மில்லிவிநாடிக்கு மேலாகும். மில்லிவிநாடி என்பது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதனுக்கு அது ஒன்றுமில்லை. நினைவகமோ அதனினும் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு விரைவாக விடை தரும். ஆதலின் வன்தட்டை ஒருமுறை நாடுவதும் கணினிக்கு நெடும்பயணமே.

இதற்குச் செலவில்லாத மருத்துவம், மேசையைக் காலி செய்வது. ஆட்டத்திற்கு முன் மற்ற நிரல்களை மூடிவிடுதல் வேண்டும். உலாவியில் திறந்துகிடக்கும் பக்கங்களையும் மூடவேண்டும். கணினி எழும்பொழுதே தாமாக எழுந்து பின்னணியில் ஓடும் நிரல்கள் பல உண்டு. அவற்றுள் வேண்டாதவற்றை நிறுத்திவிடலாம். இதற்கு மேலும் வேண்டுமாயின், சிறிது பொருள் செலவிட்டு, அந்தக் கணினிக்குப் பொருந்தும் வகை ரேமை வாங்கி நினைவகத்தை 4 ஜிகாபைட்டாக உயர்த்தலாம். சுழலும் வன்தட்டிற்கு மாற்றாக, சுழற்சியே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் தட்டைப் பொருத்தலாம். பத்து மில்லிவிநாடி கேட்ட வேலையை அது ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடியின் பத்தில் ஒரு பங்கில் முடித்துவிடும். பழைய கணினிக்குச் செய்யத்தக்க செலவுகளுள் இதுவே தலையாயது. 'ஒரே அழுத்தில் வேகம் பத்து மடங்கு' என்று விளம்பரம் செய்யும் நிரல்களை மட்டும் நாடலாகாது. அவற்றுள் பல, தாமே நினைவகத்தில் குடியேறி இருக்கும் வேகத்தையும் உண்டுவிடும். சில, வீட்டாரின் மறைச்சொற்களையும் திருடும்.

படம் வரையும் வேலையைக் குறைப்பது இன்னும் எளிது. திரையில் தோன்றும் ஒவ்வொரு காட்சியும் சிறு புள்ளிகளால் ஆனது. அக்காலத்து மடிக்கணினித் திரை அகலத்தில் 1,366 புள்ளிகளும் உயரத்தில் 768 புள்ளிகளும் கொண்டது. மொத்தம் பத்து லட்சத்துக்கு மேல். வேகமான விளையாட்டுகள் விநாடிக்கு அறுபது முறை இத்தனை புள்ளிகளையும் புதிதாக வரையுமாறு கேட்கின்றன. விளையாட்டின் அமைப்பில் அளவை 1,024க்கு 576 என்று குறைத்தால், புள்ளிகள் ஆறு லட்சத்திற்குள் அடங்கிவிடும். வேலை ஏறத்தாழப் பாதியாகும். படம் சற்று மங்கும். நிழல், நீரலை, புகை முதலிய அலங்காரங்களையும் நீக்கினால் சுமை மேலும் இறங்கும்.

வெப்பத்தைப் பற்றிப் பேசும்பொழுதுதான் சேர்வராயன் மலை தன் தனித்தன்மையைக் காட்டுகிறது. கணினியின் செயலி வேலை செய்யுங்கால் சூடேறும். பெரும்பாலான செயலிகள் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை நெருங்கும்பொழுது, தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. மே மாதத்தில் சேலத்துச் சமவெளி 40 பாகையை எட்டிக் கொதிக்கும். அதே நாளில் ஏற்காட்டில் 30 பாகையைத் தொடுவதே அரிது. சுற்றியுள்ள காற்று பத்துப் பாகை குளிர்ந்திருந்தால், செயலியும் ஏறத்தாழப் பத்துப் பாகை குளிர்ந்தே இருக்கும். ஆகவே, சேலத்தில் நண்பகலில் தளர்ந்து நிற்கும் கணினி, மலைமேல் கொண்டு சென்றதும் சுறுசுறுப்படைந்தால் வியப்பில்லை. எனினும் மலை ஒரு கையால் கொடுத்ததைச் சிறிது மறுகையால் எடுத்துக்கொள்கிறது. 1,500 மீட்டர் உயரத்துக் காற்று, கடல்மட்டத்துக் காற்றினும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. விசிறி அதே விரைவில் சுழன்றாலும், வெப்பத்தை அள்ளிச் செல்லும் காற்றின் நிறை குறைவு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆதாயம் குளிர்ச்சியின் பக்கமே.

ஆயின் அந்த ஆதாயத்தை மக்களே போக்கடித்துக்கொள்வதும் உண்டு. குளிருக்கு அஞ்சிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதன்மேலேயே மடிக்கணினியை வைத்து ஆடுகின்றனர். கணினியின் மூச்சுத் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் உள்ளன. கம்பளி அவற்றை அடைத்துவிடுகிறது. ஒரு பலகையின்மீது வைத்தால் போதும். விறகடுப்பின் புகைக்கரியும் எண்ணெய்ப் பசையும் தூசியோடு கலந்து, விசிறிக்கு அப்பாலுள்ள உலோகத் தகடுகளுக்கிடையே கம்பளித்துணி போலவே படிந்துவிடுவதும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கி, மின்கலத்தைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் அத்தூசியை நீக்குதல் நன்று. காற்றை ஊதிச் சுத்தம் செய்யுங்கால் விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொள்ள வேண்டும். செயலிக்கும் தகட்டுக்கும் இடையில் பூசப்பட்டுள்ள தெர்மல் பேஸ்ட் என்னும் களிம்பும் பல ஆண்டுகளில் காய்ந்து போகும். அதனைப் புதுப்பிப்பது பழகிய கைகளுக்குரிய வேலை. மூடுபனிக் காலத்தின் ஈரமும் கவனத்திற்குரியது. குளிர்ந்து கிடந்த கணினியை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்தால், அதன்மேல் நீர்த்துளி அரும்பும். அது முழுவதும் உலர்ந்த பின்னரே இயக்குதல் வேண்டும்.

எஞ்சியது வழி. இங்குப் பலரும் ஒரு குழப்பத்திற்கு ஆளாகின்றனர். இணையத்தின் கொள்ளளவு வேறு. செய்தி சென்று மீளும் காலம் வேறு. ஏற்காட்டுச் சாலையை இருமடங்கு அகலமாக்கினால் ஒரே நேரத்தில் மிகுதியான பேருந்துகள் செல்லலாம். ஆனால் இருபது வளைவுகளையும் கடக்கும் தொலைவு குறைந்துவிடாது. திரைப்படம் பார்ப்போர்க்குச் சாலையின் அகலம் வேண்டும். விளையாடுவோர்க்கு வேண்டியது பயண நேரம் குறைவாக இருத்தல். அதனைப் 'பிங்' என்று குறிப்பர். கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. தமிழகக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கப்பூருக்குச் சென்று மீள, நேர்வழியே கிடைத்தாலும் 30 மில்லிவிநாடி வேண்டும். இதனை எந்தப் புதிய கணினியாலும் குறைக்க இயலாது. அண்மையிலுள்ள வழங்கியைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே வழி.

மலைநாட்டில் மற்றொரு தடை, மலையேதான். கைப்பேசிக் கோபுரத்திற்கும் வீட்டிற்கும் இடையே ஒரு குன்று நின்றால் அலைகள் மெலிந்துபோகும். கோபுரத்தை நோக்கிய சன்னலருகே கைப்பேசியை வைத்து, அங்கிருந்து கம்பி வழியே கணினியோடு இணைத்தால் நிலைமை பெரிதும் சீர்படுவதைக் காணலாம். கம்பியில்லா இணைப்பிற்குப் பதில் கம்பி கிடைக்குமிடத்தில் கம்பியே சிறந்தது. ஆட்ட நேரத்தில் வீட்டில் மற்றொருவர் படம் பார்த்தால், மலைச்சாலையில் பாரவண்டிக்குப் பின்னே சிக்கிய பேருந்துபோல் ஆட்டக்காரரின் செய்தி காத்துக் கிடக்கும்.

வழி அறுந்தால் எத்துணைத் திறமையும் உதவாது என்பதற்கு 2020ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று சான்று. கொரோனாத் தொற்றின் காரணமாக அவ்வாண்டு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஒலிம்பியாட் போட்டியை இணையத்தின் வழியே நடத்தியது. விசுவநாதன் ஆனந்தும், சென்னையைச் சேர்ந்த பிரக்ஞானந்தாவும் இடம்பெற்ற இந்திய அணி இறுதிப் போட்டியில் உருசியாவை எதிர்த்தது. ஆகஸ்டு 30ஆம் நாள் நடந்த அவ்விறுதியில் முதல் சுற்று 3–3 என்று சமனாயிற்று. இரண்டாம் சுற்றில் நிகால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய இருவருடைய இணைப்பும் ஆட்டத்தின் நடுவே அற்றது. கடிகாரம் ஓடித் தீர்ந்தது. அன்று உலகின் பல பகுதிகளிலும் இணையம் பழுதுற்றிருந்தது. இந்தியா முறையிட்டது, கூட்டமைப்பின் தலைவர் இரு நாடுகளுக்கும் தங்கப் பதக்கம் என்று தீர்ப்பளித்தார். ஏற்காட்டு மாணவனுக்கு அவ்வாறு முறையிட இடமில்லை. சில தளங்கள் செய்தி தாமதிக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதியைக் கடிகாரத்தில் ஈடுசெய்கின்றன; அவ்வளவே.

இவ்வளவும் செய்த பின்னரும் பழைய கணினியால் இயலாதவை உண்டு. தனிப் படச்செயலியை வேண்டி நிற்கும் இன்றைய பெரிய விளையாட்டுகள் அதில் ஓடமாட்டா. அவற்றை ஓட்ட முயல்வது வீண். இயக்கமுறையின் வயதும் பொருட்படுத்தத்தக்கது. விண்டோஸ் 7க்கு 2020ஆம் ஆண்டு சனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025ஆம் ஆண்டு அக்டோபரிலும் அதனை உருவாக்கியோரின் பொதுவான காப்பு நின்றுவிட்டது. காப்பில்லாத கணினியை இணையத்தில் விடுவது, கதவில்லா வீட்டில் உறங்குவது போன்றது. எடை குறைந்த லினக்ஸ் வகை ஒன்றை நிறுவினால் பழைய கணினி இலேசாக மூச்சுவிடும். பல விளையாட்டுகள் அதில் கிடைப்பதில்லை என்பது உண்மையே. உலாவியில் ஆடும் சதுரங்கத்திற்கோ அத்தடை இல்லை. அறுபத்துநான்கு கட்டங்களில் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்திற்குக் காய் சென்றது என்பதைத் தெரிவிக்க நான்கே எழுத்துகள் போதும். சேர்வராயன் மலையிலிருந்து புறப்படும் அந்த நான்கு எழுத்துகள், விலையுயர்ந்த கணினியிலிருந்து வந்தவையா, அண்ணன் விட்டுச்சென்ற கணினியிலிருந்து வந்தவையா என்பதைச் சிங்கப்பூரில் இருக்கும் எதிராளி அறிய வழியில்லை.