20 வருஷ ஹோம் லோன், 20 எம்எம் இடைவெளி: ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள் இதைப் பாருங்க!



ஹோம் லோன் வட்டியில 0.1% குறைக்க எத்தனை பேங்க் ஏறி இறங்கியிருப்போம்? 30 லட்சம் ரூபாய், 8.5% வட்டி, 20 வருஷம்னு எடுத்துக்கிட்டா மாச இஎம்ஐ சுமார் 26,035 ரூபாய். வட்டி 8.4% ஆனா மாசம் 190 ரூபாய் மிச்சம். 20 வருஷத்துக்கு சுமார் 45,000 ரூபாய். நல்ல விஷயம்தான். ஆனா அந்த லோன்ல கட்டுற வீட்டோட ஆயுசைத் தீர்மானிக்கிற வேலையை, சைட்ல ஒரு மணி நேரம் நின்னு பார்க்க நமக்கு லீவு கிடைக்காது.

நானும் அப்படித்தான் இருந்தேன். எங்க வீட்டு கிரவுண்ட் ஃப்ளோர் ரூஃப் போட்ட அன்னைக்கு நான் ஆபீஸ்ல. வாட்ஸ்அப்ல வந்த ஃபோட்டோவைப் பார்த்து சந்தோஷப்பட்டதோட சரி. முதல் மாடி ரூஃபுக்கு முந்தின நாள் சாயங்காலம் தற்செயலா சைட்டுக்குப் போனேன். கட்டின கம்பி மொத்தமும் சென்ட்ரிங் ஷீட் மேலேயே படுத்திருந்தது. கீழே ஒரு கவர் பிளாக் கூட இல்லை. மேஸ்திரியைக் கேட்டா, "கான்கிரீட் போடும்போது கொக்கி போட்டுத் தூக்கி விட்டுடுவோம் சார், எல்லா சைட்லயும் இப்படித்தான்" என்றார்.

உடனே இன்ஜினியருக்கு ஃபோன் போட்டேன். அன்னைக்கு ராத்திரி அவர்கிட்ட உட்கார்ந்து கத்துக்கிட்டதைத்தான் இங்க சொல்றேன்.

கம்பி இருந்தா மட்டும் போதாது, சரியான இடத்துல இருக்கணும்

கான்கிரீட் அழுத்தத்தை நல்லா தாங்கும். இழுவையைத் தாங்காது. இழுவை வர்ற இடத்துல கம்பி இருக்கணும். சாதாரண ரூம் தளத்துல நடுப்பகுதியில இழுவை கீழ்ப்பக்கம் வரும், அதனால மெயின் கம்பி கீழே. பால்கனி, சன்ஷேட் மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள இடங்கள்ல இழுவை மேல்பக்கம். அங்க மெயின் கம்பி மேலே இருக்கணும்.

5 இன்ச் (125 எம்எம்) கனமுள்ள பால்கனியில அந்தக் கம்பி அடியிலிருந்து சுமார் 100 எம்எம் உயரத்துல இருக்கணும். கான்கிரீட் கொட்டுறவங்க அது மேல நடந்து நடந்து 40 எம்எம் கீழே இறங்கிட்டா? பலத்துல கிட்டத்தட்ட 40% போச்சு. கம்பிக்கு முழுக் காசு கொடுத்திருக்கோம், ஆனா ரூபாய்க்கு 60 பைசாதான் வேலை செய்யுது.

கவர் பாதியானா, காலம் கால்வாசி

கம்பிக்கும் கான்கிரீட்டோட வெளிப்பரப்புக்கும் நடுவுல இருக்கிற கனத்தைத்தான் 'கவர்'னு சொல்றோம். (மேல பூசுற பூச்சு இதுல சேராது.) கான்கிரீட்டோட காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காம பாதுகாக்குது. காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு மெதுவா உள்ளே இறங்கி, அந்தக் காரத்தன்மையைக் குறைச்சுக்கிட்டே வரும். அது கம்பியைத் தொட்ட பிறகு ஈரமும் சேர்ந்தா துரு ஆரம்பம். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனாலதான் பழைய வீட்டு சீலிங்ல காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரியுது.

இதுல ஒரு கணக்கு இருக்கு. கவர் பாதியா குறைஞ்சா, கம்பி வரைக்கும் போக ஆகும் காலம் பாதியாகாது, கால்வாசியாகும். உதாரணத்துக்கு, 20 எம்எம் கடக்க 40 வருஷம்னு வெச்சுக்கிட்டா, 10 எம்எம் கடக்க 10 வருஷம்தான். மேலே சொன்ன லோன்ல 10 வருஷம் இஎம்ஐ கட்டி முடிச்சாலும் சுமார் 21 லட்சம் அசல் பாக்கி இருக்கும். அதாவது இஎம்ஐ ஒரு பக்கம், சீலிங் ரிப்பேர் இன்னொரு பக்கம்.

ஃப்ளாட் வாங்குறவங்களுக்கு ரெரா சட்டத்துல ஒரு பாதுகாப்பு உண்டு. வீட்டை ஒப்படைச்ச நாள்லேருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சு சொன்னா, பில்டர் இலவசமா சரி செஞ்சு தரணும். ஆனா கவர் குறைஞ்சா வர்ற துரு பல சமயம் அந்த 5 வருஷம் தாண்டித்தான் முகத்தைக் காட்டும்.

"பேங்க் இன்ஜினியர் வந்து பார்க்கிறாரே"ன்னு நினைக்காதீங்க. எவ்வளவு வேலை முடிஞ்சிருக்கு, அடுத்த தவணை கொடுக்கலாமான்னு பார்க்கத்தான் அவர் வர்றார். கம்பி இடைவெளியை அளக்கிறது அவர் வேலை இல்லை.

டேப் எடுத்துட்டுப் போய் பார்க்க வேண்டிய 5 விஷயம்

1. கவர் பிளாக்: ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண சூழல்ல தளத்துக்கு 20 எம்எம், பில்லருக்கு 40, ஃபவுண்டேஷனுக்கு 50. கடலோரம்னா இன்னும் அதிகம் வேணும், இன்ஜினியரைக் கேளுங்க. டைல்ஸ் துண்டு, ஜல்லி, மரக்கட்டை எதுவும் கவர் பிளாக் ஆகாது.

2. கம்பியை எண்ணுங்க: டிராயிங்ல 150 எம்எம் இடைவெளின்னா, 3 மீட்டர் நீளத்துல ரெண்டு ஓரமும் சேர்த்து 21 கம்பி இருக்கணும். 16 தான் இருக்குன்னா இடைவெளி 200 எம்எம் ஆகிடுச்சு. இரும்பு 25% குறைவு.

3. ரொம்ப நெருக்கமும் ஆபத்து: 20 எம்எம் ஜல்லி போட்டா கம்பிகளுக்கு நடுவுல குறைஞ்சது 25 எம்எம் வேணும். இல்லைன்னா ஜல்லி மேலேயே மாட்டிக்கும், உள்ளே ஓட்டை விழும். பீமும் பில்லரும் சேர்ற இடத்தைக் குறிப்பா பாருங்க.

4. பில்லர் ரிங்: 9 இன்ச் பில்லர்ல 12 எம்எம் கம்பின்னா, ரிங் இடைவெளி 192 எம்எம் தாண்டக் கூடாது. டிராயிங்ல இதைவிட நெருக்கமா இருந்தா அதுதான் கணக்கு.

5. பால்கனி மேல் கம்பி: அதைத் தாங்க, வளைச்ச கம்பியில செஞ்ச 'சேர்' வெச்சிருக்காங்களா? நடக்கிறதுக்குப் பலகை போட்டிருக்காங்களா?

எனக்கு எவ்வளவு செலவாச்சு?

கான்கிரீட்டை ஒரு நாள் தள்ளி வெச்சோம். மிக்சர் வாடகை, ஆள் கூலி 8,000 ரூபாய். 200 கவர் பிளாக் தலா 5 ரூபாய்னு 1,000. மொத்தம் 9,000. மேஸ்திரிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனா மறுநாள் அவரே ஒவ்வொரு பிளாக்கையும் பார்த்துப் பார்த்து வெச்சார்.

நான் போகாத அந்த கிரவுண்ட் ஃப்ளோர் ரூஃப் என்ன ஆச்சு? போன மாசம் கவர் மீட்டர் வெச்சு டெஸ்ட் பண்ணினோம். ஹால்ல சில இடத்துல 8 எம்எம்தான் இருக்கு. இனி கான்கிரீட்டைப் பிரிச்சுக் கம்பியை நகர்த்த முடியாது. மாடி பாத்ரூமுக்கு வாட்டர்ப்ரூஃபிங் செஞ்சு ஈரம் இறங்காம பார்த்துக்கிறோம். சீலிங் ரிப்பேருக்குன்னே மாசம் 2,000 ரூபாய் ஆர்டி போட ஆரம்பிச்சிருக்கேன். ஒரு நாள் லீவு போடாததுக்கு நான் கட்டுற இன்னொரு இஎம்ஐ அது.

நீங்க அந்த லீவைப் போட்டுடுங்க நண்பர்களே. வீடு கட்டிக்கிட்டிருக்கிற ஃப்ரெண்டுக்கு இதை இன்னைக்கே அனுப்பி விடுங்க.