குண்டம் இறங்கும் கால்களின் ரகசியம்

பங்குனி வந்துவிட்டால் பெருமாநல்லூர்ப் பக்கம் பனியன் கம்பெனிப் பேச்சுகூடக் கொண்டத்துக்காளியம்மன் கோயில் தீக்குண்டத்தில்தான் வந்து முடியும். ஊரே பார்ப்பது விடியற்காலையில் பக்தர்கள் குண்டம் இறங்கும் அந்தச் சில நொடிகளைத்தான். நாம் முந்தின ராத்திரிக்கே போய்விடலாம், வாருங்கள்! அசல் வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கிறது.

பக்தர்கள் கொண்டுவந்து போட்ட எரிகரும்பு விறகு எரிந்து கனலாகக் கனிகிறது. நீளக் கழிகளோடு ஆட்கள் அதைத் தட்டித் தட்டிச் சமன் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் விழா நாயகர்கள் இவர்கள்தான்! உள்ளங்கால் லேசுப்பட்டதா? சின்ன மேடு பட்டாலும் அடுத்த எட்டின் நீளத்தையே மாற்றிவிடும். தளம் சீராக இருந்தால் கால் தயங்காது. தயங்காமல் இருப்பதில்தான் சூட்சுமமே. கரியும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். நடக்கிறவர் பாதமோ ஒவ்வொரு எட்டிலும் ஒரு நொடிகூடத் தங்குவதில்லை. 60 அடிக் குண்டத்துக்கு ஏறத்தாழ 26 எட்டு, அவ்வளவுதான். நடுவில் நின்றால் சுட்டுவிடும்.

விடிகிறது. பறை முழங்குகிறது! காதில் விழும் அடி காலுக்கு இறங்குவதைக் கரையிலேயே பார்க்கலாம். நின்றிருக்கும் கூட்டத்தின் குதிகால்களும் தாளம் போடுகின்றன. இது பக்திப் பரவசம் மட்டுமில்லை. அமெரிக்காவில் மைக்கேல் தாவ்ட் குழு, பார்க்கின்சன் நோயால் நடை தளர்ந்தவர்களைத் தாளம் கேட்டபடி 3 வாரம் நடக்கப் பழக்கியது. நடைவேகம் சுமார் 25 சதவீதம் கூடியதாக 1996இல் எழுதினார்கள். மருந்துக்குத் துணையாக ஒரு தாளம்! நம் பறைக்காரர்களிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கண்ணுக்கும் பங்கு உண்டு. இறங்குகிறவர் பார்வை எதிர்முனையில் பதிந்திருக்கிறது. நேராக நடக்கக் கண்ணுக்கு அப்படி ஒரு குறி வேண்டும். 2009இல் யான் சௌமன் குழு ஜெர்மானியக் காட்டிலும் சஹாரா பாலைவனத்திலும் ஆட்களை நடக்கவிட்டது. சூரியன் தெரிந்தவரை நேராகப் போனவர்கள், அது மறைந்ததும் தம்மை அறியாமலே வட்டமடித்தார்கள்!

எனக்கு மிகப் பிடித்தது இனிதான். ஸ்பெயினில் சான் பெத்ரோ மான்ரிக்கே என்ற ஊரிலும் தீமிதி உண்டு. அங்கே ஆய்வாளர்கள் நெஞ்சில் கருவி கட்டி இதயத் துடிப்பை அளந்து 2011இல் வெளியிட்டார்கள். தீயில் நடப்பவர் துடிப்போடு, வேடிக்கை பார்த்து நின்ற சொந்தபந்தத்தின் துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது. வெளியாட்களுக்கு அப்படி இல்லை. அந்தக் கருவியோடு யாராவது ஒரு பங்குனிக்குப் பெருமாநல்லூர் வரமாட்டார்களா!