முதலிடம் எந்தப் படத்துக்கு?



சென்ற போயா விடுமுறையன்று அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு வழக்கு நடந்தது. நீதிபதி இல்லாத வழக்கு. வழக்கறிஞர்கள் மட்டும் நான்கு பேர். இதுவரை உலகில் வெளிவந்த படங்களுள் மிகச் சிறந்தது எது என்பதுதான் விவகாரம்.

அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரை நாங்கள் மாஸ்டர் என்றே அழைப்போம். அவர் சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' என்றார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணை ஒருவர், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய'வுக்கு மேல் ஒரு படம் இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றார். நானோ மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' பக்கம். 1979இல் வந்த அந்தப் படத்துக்குப் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' வித்தாக அமைந்ததை அறிந்தவர்களுக்கு, இலக்கியப் பைத்தியமான என் சார்பு விளங்கும்.

என் மருமகன் சிரித்துக்கொண்டே கைத்தொலைபேசியைத் திறந்தான். "மாமா, உங்கட சண்டை எல்லாம் வீண். உலகத்து விமர்சகர்கள் எல்லாரும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிப்போட்டினம். முதலாவது படம் 'ஜான் டீல்மன்'." எங்கள் மூவரில் ஒருவர்கூட அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

அவன் சொன்ன தீர்ப்பு எப்படி வந்தது என்பதை முதலில் பார்ப்போம். இலண்டனிலிருந்து வரும் 'சைட் அன்ட் சவுன்ட்' என்ற திரைப்பட இதழ், பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் வாக்குக் கேட்கிறது. இந்த வழக்கம் 1952இல் தொடங்கியது. நம்மூர்க் கொட்டகைகள் 'பராசக்தி'யின் வசனத்தில் அதிரத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். அந்த முதல் வாக்கெடுப்பில் பதில் எழுதியவர்கள், நாயன்மார் கணக்கில், சரியாக 63 பேர். அவர்கள் முதலிடம் கொடுத்தது இத்தாலிய நெறியாளர் டி சிக்காவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்துக்கு. படம் வெளிவந்து அப்போது நான்கே ஆண்டுகள்.

1962இல் ஓர்சன் வெல்ஸின் 'சிற்றிசன் கேன்' முதலிடத்தில் ஏறியது. 1941இல் வெளிவந்த அந்தப் படம் 1952இன் முதற்பத்தில்கூட இல்லை. ஏறிய பின்னரோ 2002 வரை ஐந்து வாக்கெடுப்புகளில் அசையாமல் இருந்தது. 2012இல் ஹிட்ச்கொக்கின் 'வேர்ட்டிகோ' அதைக் கீழே இறக்கியது. 2022இல் பெல்ஜிய நாட்டுப் பெண் நெறியாளர் ஷான்டால் அக்கெர்மனின் 'ஜான் டீல்மன்' முதலிடம் பெற்றது. 1975இல் எடுக்கப்பட்ட படம் அது. ஒரு விதவைத் தாயின் மூன்று நாட்களை, அவள் உருளைக்கிழங்கு சீவுவதையும் பாத்திரம் கழுவுவதையும் விடாமல், மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. ஒரு பெண் நெறியாளரின் படம் அப்பட்டியலின் தலைக்கு வந்தது அதுவே முதற்றடவை.

படங்கள் மாறவில்லை, பார்ப்பவர்கள் மாறினார்கள். 63 பேராக இருந்த சபை 2022இல் 1,600க்கு மேல் வளர்ந்துவிட்டது. பெண்களும் பல நாட்டவர்களும் அதில் கூடுதலாக இடம்பெற்றார்கள். அடுக்களையில் நடப்பதும் கதைதான் என்று சொல்லக்கூடியவர்கள் சபைக்குள் வந்ததும் தீர்ப்பு மாறியது.

எண்ணும் முறையையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் பத்துப் படங்களைச் சொல்லலாம். பத்துக்கும் ஒரே பெறுமதி. 2012இல் 846 பேர் வாக்களித்தார்கள். 'வேர்ட்டிகோ' பெற்றது 191. 'சிற்றிசன் கேன்' பெற்றது 157. அதாவது, உலகின் மிகச் சிறந்த படம் என்று அன்று பத்திரிகைகள் கொண்டாடிய படத்தை, வாக்களித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் பத்தில் ஒன்றாகக்கூடச் சொல்லவில்லை. இதைச் சொன்னபோது மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "அப்ப இது தீர்ப்பில்லை, தலைக்கணக்கு" என்றார். தலைக்கணக்கு என்றாலும் பயனற்றது அல்ல. எந்தப் படங்களைத் தேடிப் பார்க்கலாம் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி. மாஸ்டரின் 'பதேர் பாஞ்சாலி' 2022இல் 35ஆம் இடத்தில் இருந்தது.

இதே இதழ் நெறியாளர்களிடமும் தனியாக வாக்குக் கேட்கிறது. 2022இல் அவர்கள் முதலிடம் கொடுத்தது ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்கு. 1968இல் வந்த அந்தப் படத்தின் திரைக்கதையைக் குப்ரிக்குடன் சேர்ந்து எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். இந்த இடத்தில் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளார்க் எங்கள் கடலுக்குள் இறங்கிய மனிதர் அல்லவா! 1956இல் அவரும் நண்பர் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் சுழியோடி, பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். அதே மைக் வில்சன் 1962இல் 'ரன்முத்து தூவ' என்ற படத்தை நெறிப்படுத்தினார். சிங்களத்தின் முதலாவது வண்ணப்படம் அது. திருகோணமலைக் கடலடியையும் திரையில் காட்டியது. உலகப் பட்டியலின் உச்சிக்கும் எங்கள் மலையடிவாரத்துக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை நினைக்கையில், பெருமையோடு கொஞ்சம் வியப்பும் எழுந்தது.

அண்ணையின் கட்சியும் பலமில்லாததல்ல. லெஸ்டரின் 'கம்பெரலிய' 1965இல் புதுடில்லி விழாவில் தங்க மயில் விருது பெற்றது. 'நிதானய' 1972இல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. 1997இல் இலங்கைச் சினிமாவின் பொன்விழாவையொட்டி, ஐம்பதாண்டுப் படங்களுள் மிகச் சிறந்ததாகத் தெரிவு செய்யப்பட்டதும் அதுவே. புதையலுக்காகப் பெண்ணொருத்தியைப் பலி கொடுக்கத் தேடி, அவளை மணமும் முடிக்கும் ஒரு சீமானின் கதை. அந்த இருளையும் ஒளியையும் படம்பிடித்த கமெரா எம். எஸ். ஆனந்தனுடையது. இலங்கையின் மிகச் சிறந்த படம் என்று சொல்லப்படுவதில் ஒரு தமிழ்ப் பெயரும் கலந்திருக்கிறது.

இவ்வளவு நேரமும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டிருந்த என் அக்கா, அப்போதுதான் வாய் திறந்தார். "தம்பி, 'குத்துவிளக்கு' எத்தனையாம் இடம்?"

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "நான் சின்னப்பிள்ளையில ஒருக்காப் பார்த்தனான். பிறகு பார்க்கக் கிடைக்கேல்லை. நல்ல படமோ கூடாத படமோ எண்டு இப்ப எப்பிடிச் சொல்லுறது? திரும்பப் பார்த்தால்தானே சொல்லலாம்."

விறாந்தை அமைதியாகிவிட்டது. நேயர்களே, எங்கள் வழக்கின் நடுமையத்தை அக்கா தொட்டுவிட்டார்.

'குத்துவிளக்கு' 1972இல் டபிள்யூ. எஸ். மகேந்திரன் நெறிப்படுத்திய ஈழத்துப் படம். 1962இல் 'சமுதாயம்' தொடங்கிய பின் முப்பது ஆண்டுகளில் இலங்கையில் உருவான தமிழ்ப் படங்கள் முப்பதைத் தாண்டவில்லை. அவற்றுள் காவலூர் இராசதுரை எழுத, தர்மசேன பத்திராஜ என்ற சிங்களக் கலைஞர் நெறிப்படுத்திய 'பொன்மணி' உண்டு. செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978இல் பிறந்த 'வாடைக்காற்று' உண்டு. தம்பிஐயா தேவதாஸ் இப்படங்களின் வரலாற்றைத் தேடித் தொகுத்து 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்ற நூலாகத் தந்திருக்கிறார். ஆனால் ஒரு படத்தைப் பற்றி வாசிப்பது வேறு, அதைப் பார்ப்பது வேறு. 1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. தமிழர் ஒருவருக்குச் சொந்தம் என்பதற்காக மூட்டிய தீயில், சிங்களப் படங்களின் மூலப்பிரதிகளும் சேர்ந்து சாம்பலாயின. நெருப்புக்கு மொழி தெரியாது.

தமிழகமும் இதில் தப்பவில்லை. முதலாவது தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளியானது. அதன் பிரதி எதுவும் இன்று இல்லை. அது நல்ல படமா என்று யாரும் வழக்காட முடியாது.

'பதேர் பாஞ்சாலி'யின் மூலப்பிரதியும் 1993இல் இலண்டன் ஆய்வுகூடமொன்றில் நடந்த தீவிபத்தில் கருகியதுதான். கருகிய சுருள்களையும் யாரோ தூக்கி எறியாமல் வைத்தார்கள். பல ஆண்டுகளின் பின் அவற்றை ஈரப்படுத்தி, மடிப்பு நீக்கி, சட்டகம் சட்டகமாகச் சீர்செய்து, போதாததற்கு வேறு பிரதிகளையும் சேர்த்து, 2015இல் மீண்டும் திரைக்குக் கொண்டு வந்தார்கள். 'கம்பெரலிய' 2008இலும் 'நிதானய' 2013இலும் இப்படிப் புத்துயிர் பெற்றன. பட்டியலில் ஏறும் படங்களுக்குப் பின்னால், பெயர் தெரியாத பல கைகள் காவல் நிற்கின்றன. அந்தக் காவல் வாய்க்காத படம் தோற்றுப்போவதில்லை; போட்டிக்கே அழைக்கப்படுவதில்லை.

ஆகவே, எது மிகச் சிறந்த படம் என்று இன்று என்னைக் கேட்டால், இருபது வயதில் ஒரு விதமாகவும் அறுபது வயதில் இன்னொரு விதமாகவும் எதை என்னால் பார்க்க முடிகிறதோ அதைத்தான் சொல்வேன். இளமையில் 'உதிரிப்பூக்க'ளின் சுந்தரவடிவேலு எனக்குக் கொடியவனாக மட்டுமே தெரிந்தான். இப்போது பார்க்கையில் அந்தப் பிள்ளைகள் இருவருமே கண்ணுக்குத் தெரிகிறார்கள். இந்த இரண்டாம் பார்வை எனக்குக் கிடைத்தது. அக்காவுக்கு அவர் படத்தில் கிடைக்கவில்லை. அந்த வித்தியாசத்தில் படங்களின் தரத்துக்குப் பங்கில்லை.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய பாட்டுப் புத்தகங்கள், பட நோட்டீசுகள், விளம்பரம் வந்த பத்திரிகைத் துண்டுகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஈழத்துப் படமொன்றைக் கொட்டகையில் பார்த்த மூத்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் நினைவில் நிற்கும் காட்சிகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தொலைந்த படத்தை அது திருப்பித் தராது. ஆனால் அப்படி ஒன்று இருந்தது என்பதற்கு அது சாட்சி.

அன்று மாலை வழக்கு தீர்ப்பின்றியே ஒத்திவைக்கப்பட்டது. மாஸ்டரும் அண்ணையும் படலையைத் திறந்துகொண்டு போனார்கள். மருமகன் கொப்பி ஒன்றை எடுத்து வந்து அக்காவின் பக்கத்தில் அமர்ந்து, "சொல்லுங்கோ அம்மா, படம் எப்பிடித் தொடங்குது?" என்று கேட்டான். அக்கா கண்ணை மூடிச் சற்று யோசித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.