நாற்பது எழுத்தும் ஒரு மணி நேரமும்

அமேசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் எஸ்3 என்னும் சேமிப்புச் சேவையைத் தொடங்கித் தன் கணினிகளைப் பிறரும் வாடகைக்கு அமர்த்திக்கொள்ளும் மார்க்கத்தைத் திறந்துவிட்ட நாள்தொட்டுப் பல்லாண்டுகளாக, அந்தக் கிளவுட் சேவைகளுக்குள் புக விரும்பும் எந்த நிரலும் காட்டவேண்டியிருந்த அத்தாட்சி இரண்டே வரிகள்தாம்: 20 எழுத்துக்கள் கொண்ட அடையாளம் ஒன்று, 40 எழுத்துக்கள் கொண்ட ரகசியச் சாவி ஒன்று. பொருளற்ற நாற்பது எழுத்துக்களை மனப்பாடம் செய்வது மனிதருக்கு எளிதன்று. ஆகவே அவை எங்கேனும் ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டன. அந்தக் கோப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பிரதியாகிச் சென்றது. சாவியை உண்டாக்கியவர் வேலையை விட்டுப் போன பின்னும் சாவி மட்டும் ஜீவித்திருந்தது.

இதன் விபரீதம் என்னவென்பதை உபர் நிறுவனத்தின் அனுபவம் உலகுக்குக் காட்டியது. 2016-ஆம் ஆண்டில், அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வந்த கிட்ஹப் தளத்தின் தனிக் களஞ்சியத்துக்குள் அந்நியர் இருவர் புகுந்து, அங்கே எழுதி வைத்திருந்த அமேசான் சாவியைக் கண்டெடுத்து, அதைக் கொண்டு 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களை எடுத்துச் சென்றனர். அவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை மறைத்த நிறுவனம், 2017 நவம்பரில்தான் அதை வெளியிட்டது. மறு ஆண்டில் அமெரிக்க மாநிலங்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 14 கோடியே 80 லட்சம் டாலர் செலுத்தவும் நேர்ந்தது. பூட்டு உடைக்கப்படவே இல்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. சாவி சரியானது, ஆகவே கதவு திறந்தது. சாவியைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று கேட்கும் சக்தி கதவுக்கு இல்லை.

அந்தக் கேள்வியைக் கதவே கேட்கும்படி செய்வதுதான் இணைய அடையாளக் கூட்டமைப்பு என்னும் ஏற்பாட்டின் உட்பொருள். காலவரையறை உள்ள சீட்டைக் கொடுத்து வேலை வாங்கும் எண்ணம் புதியதன்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் 1980-களில் உருவான கெர்பரோஸ் முறையிலேயே அது இருந்தது. ஆனால் அங்கே சீட்டுக் கொடுப்பவரும் சீட்டைப் பார்ப்பவரும் ஒரே நிர்வாகத்துக்கு உட்பட்டவர்கள். ஒரு நிறுவனம் கொடுத்த அத்தாட்சியை, அதனோடு எந்தச் சொந்தமும் இல்லாத இன்னொரு நிறுவனம் நம்பி ஏற்பது எப்படி? 2013-இல் அமேசான், கூகுள், ஃபேஸ்புக் ஆகியவற்றின் கணக்குகளைக் கொண்டு நுழைபவருக்குத் தற்காலிகச் சாவி வழங்கும் வசதியை அமேசான் ஏற்படுத்தியது. 2014-இல் ஓபன்ஐடி கனெக்ட் என்னும் பொது நியமம் நிறைவு பெற்றது. 2021-இல் கிட்ஹப் தன்னிடம் ஓடும் நிரல்களுக்கும் இந்த முறையில் அத்தாட்சி வழங்கத் தொடங்கியது.

கடைசியாகச் சொன்னதையே உதாரணமாகக் கொள்வோம். ஒரு புத்தகசாலை தன் இணையதளத்தை எஸ்3 சேமிப்பகத்தில் வைத்திருக்கிறது. பொறியாளர் ஒரு திருத்தம் செய்து அனுப்பியதும், கிட்ஹப்பில் ஒரு கணினி சில நிமிடங்களுக்கு மட்டும் பிறந்து, பக்கங்களைத் தயாரித்து, எஸ்3-இல் கொண்டுபோய் வைத்துவிட்டு மறைந்துபோகிறது. அற்ப ஆயுள் படைத்த இந்தக் கணினியின் கையில் ஆயுளே முடியாத ஒரு சாவியைக் கொடுத்து வைப்பதுதான் பழைய வழக்கம். புதிய முறையில் அதன் கையில் சாவி எதுவும் இல்லை. பிறக்கும்போது தான் யார் என்று சொல்லும் ஒரு டோக்கனை மட்டும் அது கிட்ஹப்பிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

அந்த டோக்கனைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். இ-ஒய்-ஜே என்று தொடங்கி, இரண்டு புள்ளிகளால் மூன்று பாகங்களாகப் பிரிந்து நிற்கும் நீண்ட எழுத்துத் தொடர் அது. முதற்பாகம் கையொப்பத்தின் வகையைச் சொல்கிறது. நடுப்பாகத்தில்தான் உள்ளடக்கம்: வழங்கியவர் யார், எவரிடம் காட்டுவதற்காக வழங்கப்பட்டது, எப்போது காலாவதியாகும், எல்லாவற்றுக்கும் மேலாக இது எந்த உரிமையாளரின், எந்தக் களஞ்சியத்தின், எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்பவை. இவற்றில் எதுவும் மறைத்து எழுதப்படுவதில்லை. பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் படிக்கலாம். மூன்றாம் பாகம் கிட்ஹப்பின் கையொப்பம். தாசில்தார் சான்றிதழைக் கொண்டுவரும் மாணவனை முன்பின் அறியாத கல்லூரிக் குமாஸ்தா, தாசில்தாரின் முத்திரையைப் பார்த்து அவனை ஏற்பதுபோல, அமேசானின் எஸ்.டி.எஸ். என்னும் சேவை, கிட்ஹப் பகிரங்கமாக வெளியிட்டிருக்கும் பொதுச் சாவியைக் கொண்டு அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. திருப்தியானால் அடையாளம், ரகசியம், அமர்வு டோக்கன் என்று மூன்றையும் வழங்குகிறது. நிரந்தரச் சாவியின் அடையாளம் ஏ-கே-ஐ-ஏ என்று தொடங்குமென்றால், இந்தத் தற்காலிகச் சாவியின் அடையாளம் ஏ-எஸ்-ஐ-ஏ என்று தொடங்கும். வேறு விதமாகக் கேட்காவிட்டால் இதன் ஆயுள் ஒரு மணி நேரம். குறைந்தது 15 நிமிடமும், அதிகபட்சம் 12 மணி நேரமும் கேட்கலாம்.

இதை அமைக்கும் வேலை பெரிதன்று. அமேசான் கணக்கில் கிட்ஹப்பின் முகவரியை அடையாளம் வழங்குபவராகப் பதிவு செய்து, ரோல் என்னும் பதவி ஒன்றை உண்டாக்கி, அதை ஏற்கத் தகுதியுள்ளவர் யார் என்று ஒரு பத்திரத்திலும், ஏற்றவர் என்ன செய்யலாம் என்று இன்னொரு பத்திரத்திலும் எழுதவேண்டும். கிட்ஹப் பக்கம் டோக்கன் கேட்கும் அனுமதியையும் ரோலின் பெயரையும் குறித்தால் போதும்.

ஆனால் முதற்பத்திரத்தை எழுதும்போதுதான் மிகுந்த ஜாக்கிரதை தேவைப்படுகிறது. கிட்ஹப்பை உலகெங்கும் எண்ணற்றோர் உபயோகிக்கின்றனர். அவர்கள் எல்லோருடைய டோக்கன்களிலும் வழங்கியவர் கிட்ஹப்தான், கையொப்பமும் கிட்ஹப்புடையதுதான். எந்தக் களஞ்சியம் என்ற நிபந்தனையை எவருக்கும் பொருந்தும்படி தளர்வாக எழுதிவிட்டால், கிட்ஹப்பில் கணக்கு வைத்திருக்கும் எவனும், ரோலின் பெயரை அறிந்த மாத்திரத்தில், உண்மையான கையொப்பத்தோடு வந்து அந்தப் பதவியில் அமர்ந்துகொள்வான். ஆயுள் குறுகியது என்ற திருப்தி அப்போது பயன்படாது. ஒரு மணி நேரம் கழிந்தால் அவன் மறுபடியும் வந்து இன்னொரு சாவி வாங்கிக்கொள்வான். சோம்பலால் நட்சத்திரக் குறி ஒன்றைப் போட்டு, உரிமையாளரின் எல்லாக் களஞ்சியங்களுக்கும் அனுமதி கொடுப்பவர்களும் உண்டு. அதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இன்ன உரிமையாளர், இன்ன களஞ்சியம், மெயின் கிளை என்று முழுமையாக எழுதுவதுதான் முறை. இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை அந்த ஒரே வரியில் இருக்கிறது என்பது என் துணிபு.

தற்காலிகச் சாவியும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் களவு போகலாம் என்று கேட்பவர்களுக்கு, போகலாம் என்பதே நேர்மையான பதில். இன்ன நேரத்துக்கு முன் வழங்கிய சாவி எதுவும் செல்லாது என்று ரோலின்மீது தடை எழுதி அதை முடக்கிவிடலாம். அதற்கும் முன்னால், இரண்டாம் பத்திரத்தில் புத்தகசாலையின் ஒரே சேமிப்பகத்தில் கோப்பு எழுதும் அதிகாரத்துக்கு மேல் எதுவும் கொடாதிருந்தால், களவாடியவன் செய்யக்கூடிய தீங்கும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும்.

இத்துறையில் வேலை செய்யும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அமேசான் கணக்கில் ஐ.ஏ.எம். என்னும் அனுமதி நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு சாவியும் எப்போது உண்டானது, கடைசியாக எப்போது உபயோகமானது என்று தேதி போட்டிருக்கும். ஏ-கே-ஐ-ஏ என்று தொடங்கிப் பல மாதங்களாக உபயோகத்தில் இல்லாத சாவியை உடனே அழித்துவிடாமல், முதலில் முடக்கி வையுங்கள். ஒரு வாரம் பார்த்து, எந்த வேலையும் நிற்கவில்லை என்றால், பிறகு அழித்துவிடுங்கள்.