கலர் எங்கிருந்து வந்தது?

விருந்தாளி வந்தால் வீட்டுப் பையன் கையில் காசைக் கொடுத்து, "கடைக்குப் போய் நாலு கலர் வாங்கிட்டு வாடா" என்று அனுப்புவது நம் ஊரில் நெடுநாள் வழக்கம். ஆரஞ்சோ திராட்சையோ எலுமிச்சையோ, பாட்டிலில் எது இருந்தாலும் அதன் பெயர் கலர்தான். பானத்துக்கு நிறத்தையே பெயராக வைத்த நாம், அந்த நிறம் எதிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது உறவுக்காரக் குழந்தையின் பிறந்தநாள் விழா. மண்டபத்தின் பின்கட்டில், பெரிய எவர்சில்வர் அண்டாவில் 'ஸ்ட்ராபெர்ரி வெல்கம் ட்ரிங்க்' தயாராகிக்கொண்டிருந்தது. தண்ணீர், சர்க்கரைப் பாகு, எசன்ஸ் ஆகியவைதான் அதில் இருந்தன. பழம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அண்டாவுக்கு முன் நின்றவர் சிறு டப்பாவைத் திறந்து, கரண்டி முனையில் சிவப்புப் பொடியை எடுத்துத் தூவிக் கலக்கினார். பார்த்துவிட்டு, இன்னொரு முனை சேர்த்தார். "எவ்வளவு போடணும்ணே?" என்று கேட்டேன். "கண்ணளவுதாங்க. கலர் எடுப்பா இருந்தாத்தான் பசங்க தொடுவாங்க" என்றார். டப்பாவில் லேபிள் இல்லை. ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளின் நாக்கெல்லாம் சிவந்திருந்தது.

அவர் யாருக்கும் கெடுதல் நினைத்தவர் அல்ல. ஆனால் பிள்ளைகள் குடிக்கும் பானத்தில் சாயத்தைக் கண்ணளவில் போடச் சட்டம் இடம் தரவில்லை.

சட்டம் சொல்லும் அளவு

இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு. சிவப்புக்கு பான்சோ 4ஆர், கார்மோசின், எரித்ரோசின். மஞ்சளுக்கு டார்ட்ரஸின், சன்செட் எல்லோ. நீலத்துக்கு இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் புளூ. பச்சைக்கு ஃபாஸ்ட் கிரீன். இவற்றையும் எல்லா உணவிலும் போட முடியாது. சர்பத், ஐஸ்கிரீம், சில இனிப்புகள் என்று குறிப்பிட்ட வகைகளுக்கு மட்டுமே அனுமதி. சர்பத் போன்ற பானங்களில் பொதுவான உச்ச வரம்பு ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம்.

இதை அண்டாக் கணக்கில் பார்ப்போம். பத்து லிட்டர் பானத்துக்கு ஒரு கிராம் சாயம்தான் எல்லை. டப்பாவில் இருப்பது முழுச் சாயமா, உப்போ சர்க்கரையோ கலந்ததா என்பதை லேபிள்தான் சொல்லும். லேபிள் இல்லாத பொடியைக் கண்ணால் அளந்து போட்டால், எல்லைக்குள் நின்றோமா தாண்டினோமா என்று போட்டவருக்கே தெரியாது.

எங்கே ஆபத்து?

முதல் ஆபத்து, உணவுக்கே ஆகாத சாயம். ரோடமின்-பி துணிக்கும் காகிதத்துக்கும் போடும் பளீர் ரோஸ் சாயம். விலை மலிவு, ஒரு சிட்டிகை அண்டா முழுவதையும் சிவக்கவைக்கும். உணவில் இதற்கு அறவே அனுமதி இல்லை. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் பஞ்சுமிட்டாயில் இது இருப்பது கண்டறியப்பட்டு விற்பனைக்குத் தடை வந்தது. அடுத்த சில நாட்களில் தமிழ்நாடும் தடை விதித்தது. பஞ்சுமிட்டாய்க்குப் போன பொடி ரோஸ்மில்க்குக்கும் சர்பத்துக்கும் போகாது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இரண்டாவது, அனுமதி பெற்ற சாயமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது. டார்ட்ரஸின் சிலருக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும். 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் குடித்த சிறுவர்களில் சிலரிடம் துறுதுறுப்பு கூடுவதை 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியம், ஆறு நிறங்களில் எதைச் சேர்த்தாலும் 'குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம்' என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று 2010இல் கட்டாயமாக்கியது. அந்த ஆறில் நான்கு நம் நாட்டு அனுமதிப் பட்டியலில் இருக்கின்றன. எரித்ரோசினுக்கு உணவில் அளித்திருந்த அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றது. ஒரு கோப்பை குடித்ததும் நோய் வந்துவிடும் என்று பயமுறுத்த நான் எழுதவில்லை. தேவையே இல்லாத ஒன்றைப் பிள்ளைகளுக்கு ஏன் ஊட்ட வேண்டும் என்பதே என் கேள்வி.

மூன்றாவது, ஐஸ். மீனையும் பாலையும் கெடாமல் வைப்பதற்கான ஐஸ், குடிக்கத் தகுந்த நீரில் செய்யப்பட்டது என்று சொல்ல முடியாது. அதனால்தான் அதில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் உத்தரவிட்டது. நீலம் கலக்காமலும் அது வந்து சேரலாம் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கட்டியாக வாங்கி உடைத்துப் போடும் ஐஸை விட்டுவிட்டு, கொதித்து ஆறிய நீரில் வீட்டிலேயே ஐஸ் செய்துகொள்ளுங்கள். கோப்பையிலிருந்து புகை வரவேண்டும் என்று திரவ நைட்ரஜனோ உலர் பனிக்கட்டியோ சேர்ப்பது இன்னும் மோசம். அவை வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும்.

வீட்டிலேயே நிறம்

இதற்கெல்லாம் மாற்று வேலியோரத்தில் பூத்திருக்கிறது. பத்துத் தம்ளருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்.

நீலச் சங்குப்பூ 25 முதல் 30 பறித்து, பச்சைக் காம்பை நீக்கி அலசுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, பூக்களைப் போட்டுப் பத்து நிமிடம் மூடிவையுங்கள். பூ வெளுத்துப்போகும், தண்ணீர் கருநீலமாகும். வடிகட்டிக் குளிரவையுங்கள். அரை அன்னாசிப்பழத்தை அரைத்து வடிகட்டி, எட்டு மேசைக்கரண்டி சர்க்கரை கலந்துகொள்ளுங்கள். தம்ளரில் கால் பாகம் அன்னாசிச் சாறு, மேலே ஐஸ், அதன்மேல் கரண்டியின் முதுகில் மெதுவாகச் சங்குப்பூ நீர் ஊற்றுங்கள். சர்க்கரை சேர்ந்த சாறு கனமாக இருப்பதால் அடியில் மஞ்சள் தங்கும், மேலே நீலம் நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய ஊதாக் கோடு தெரியும். ஒரு எலுமிச்சைத் துண்டைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். சொட்டு விழுந்த இடமெல்லாம் நீலம் ஊதாவாகி, கலக்கியதும் இளஞ்சிவப்பாகும். பூவில் உள்ள அந்தோசயனின் என்ற நிறமி புளிப்பைக் கண்டதும் நிறம் மாறுகிறது. எந்தச் சாயப் பொடியும் இந்த வித்தையைக் காட்டாது.

சிவப்பு வேண்டுமா? பச்சை பீட்ரூட்டைத் துருவி, குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அதன் நிறமி சூட்டில் பழுப்பாகிவிடும் என்பதால் கொதிக்கவைக்காதீர்கள். மாதுளைச் சாறும் இஞ்சியும் சேர்ந்தால் பீட்ரூட்டின் மண்வாசம் அடங்கும். பச்சைக்குப் புதினா இருக்கிறது. எலுமிச்சை சேர்ந்து நேரமானால் அது பாசி நிறமாகும் என்பதால் பரிமாறும்போது பிழிவது நல்லது. ஊதாவுக்கு நாவல்பழம், மஞ்சளுக்கு மாம்பழம், பழுப்புக்கு நன்னாரி.

இயற்கை என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கக் கூடாது. பூச்சிமருந்து அடித்த செடியின் பூவும், பெயர் உறுதியாகத் தெரியாத பூவும் வேண்டாம். சங்குப்பூச் சாற்றை உணவு நிறமாக அமெரிக்கா 2021இல் ஏற்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்போ உலர்ந்த பூ குறித்து 2022இல் ஆட்சேபம் எழுப்பியது. ஆகவே விருந்துக்கு ஒரு கோப்பையோடு நிறுத்துங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பீட்ரூட்டைக் குறைக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் ஆகாது. புளிப்புப் பானத்தை வெள்ளீயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் வைக்காதீர்கள். பாதுகாப்புப் பொருள் சேர்க்காத சாறு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

கடையில் வாங்கினால் உங்கள் உரிமை

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். செயற்கை நிறம் சேர்த்திருந்தால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். 102, 110, 122, 124, 127, 132, 133, 143 என்ற எண்கள் மேலே சொன்ன எட்டு நிறங்களைக் குறிப்பவை. அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துத் தயாரிக்கும் பானங்களை '100 சதவீதப் பழச்சாறு' என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்று ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது.

கேட்டரிங்காரரிடம் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைக் கேளுங்கள். 2022 ஜனவரி முதல் அந்த எண் ரசீதில் இருப்பது கட்டாயம். "வெல்கம் ட்ரிங்க்ல கலர் பொடி போட வேண்டாம், பழத்துலயே செய்யுங்க" என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லி, ஒப்பந்தச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சந்தேகம் வந்தால் பரிசோதிக்கும் உரிமை உங்களுக்கே உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இன் 40ஆம் பிரிவின்படி, வாங்குபவர் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். சோதிக்கப்போவதை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்துவிட வேண்டும். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

சோதிக்காமல் கைப்பேசியில் பரப்பாதீர்கள். 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, வயலிலேயே பழம் தேங்கி, தவறு செய்யாத விவசாயிகள் நஷ்டப்பட்டார்கள்.

பாதிப்பு வந்தால்

குடித்த பின் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மீதமுள்ள பானத்தைச் சுத்தமான பாட்டிலில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். ரசீது, லேபிள் படம், மருத்துவச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

புகாரைத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். மாவட்ட நியமன அலுவலரிடம் நேரில் எழுதிக் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உடல்நலம் கெட்டதற்கு இழப்பீடு வழங்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு வழிசெய்கிறது: கொடுங்காயத்துக்கு 3 லட்சம் ரூபாய் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை, உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது.

அடுத்த விசேஷத்துக்கு அண்டாவில் கலர் கலக்கும் முன், "இந்தக் கலர் எதுலேர்ந்துங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பழத்தின் பெயர் பதிலாக வந்தால் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். டப்பாவைக் காட்டினால் கோப்பையைக் கீழே வையுங்கள்.