பென் டிரைவ் என்று நினைத்தேன்

சென்ற ஆண்டு பதினோராம் வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் ஒரு பொருள் கிடந்தது. பார்ப்பதற்கு பென் டிரைவ் போலவே இருந்தது. “யாருடையது?” என்று கேட்டேன். யாரும் வரவில்லை. கடைசி வரிசையில் இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாம்பழ வாசனை அடித்தும் எனக்குப் புரியவில்லை. ஆசிரியர் அறையில் இளைய ஆசிரியர் ஒருவர்தான், “சார், இது வேப்” என்றார்.

மின் சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை. பேட்டரியால் சிறு கம்பிச்சுருள் சூடாகி, நிகோடினும் சுவையூட்டியும் கலந்த திரவத்தை நுண்துளிகளாக்குகிறது. மாணவர்கள் இதை ‘வெறும் ஆவி’ என்கிறார்கள். நாம் முதலில் திருத்த வேண்டிய பிழை இதுதான். அந்த நுண்துளிகளில் நிகோடினோடு, சூட்டில் உருவாகும் ஃபார்மால்டிஹைடும், நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் இருக்கக்கூடும்.

வேதியியல் ஆசிரியர்கள் வகுப்பிலேயே சொல்லக்கூடிய செய்தி ஒன்று உண்டு. நிகோடின் ஒரு காரம். அதை அப்படியே இழுத்தால் தொண்டை எரியும், இருமல் வரும். புதிதாகப் பழகுகிறவனை ஓரளவு தடுப்பது அந்த இருமல்தான். பென்சாயிக் அமிலம் சேர்த்து நிகோடினை உப்பாக்கிவிட்டால் எரிச்சல் குறையும். அதிக நிகோடின் எளிதாக உள்ளே போகும். 2015இல் அமெரிக்காவில் அறிமுகமான ஜூல் இந்த வழியில்தான் பரவியது. 5 விழுக்காடு நிகோடின் கொண்ட அதன் குப்பி ஒன்று, ஏறக்குறைய ஒரு சிகரெட் பெட்டிக்குச் சமம். அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் மின் சிகரெட் இழுத்தவர்கள் 2017இல் 11.7 விழுக்காடு, மறு ஆண்டே 20.8 விழுக்காடு.

தமிழ்நாடு 2018இலேயே இதைத் தடை செய்தது. 2019இல் மத்திய சட்டம் வந்தது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் குறிவைப்பது வணிகத்தை. நம் பள்ளியில் எழுந்த முதல் பேச்சோ, “இருவருக்கும் டி.சி. கொடுத்துவிடலாம்” என்பது. நான் மறுத்தேன். கல்லூரியில் படிக்கும் அண்ணன் வாங்கி வைத்திருந்ததாம். தம்பி எடுத்து வந்திருக்கிறான். தனியே அழைத்துக் கேட்டபோது, “காலையில இழுக்கலைன்னா முதல் பீரியட் உட்கார முடியல சார்” என்றான். அவனை நான் பல நாள் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்.

பெற்றோரை வரவழைத்துப் பேசினோம். புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கான தேசிய இலவச உதவி எண் 1800-11-2356ஐ எழுதிக் கொடுத்தோம். ஒருவன் விட்டுவிட்டான். மற்றவன் திங்கட்கிழமைகளில் இன்னும் தடுமாறுகிறான். முதல் பாடவேளையில் அவனைக் கதவோரம் உட்கார வைக்கிறேன். கேட்காமலே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து வரலாம்.